ஒன்பதாம் நாள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பினாங்கு மாநிலத்தின் பிறையிலிருந்து எழுதுகிறேன். எதிரே தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. 12 மணி நேர ஷிப்ட், இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. தினமும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு), எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். தைப்பூசம் முடிந்த கையோடு 21 நாள் சவால் என்று ஆரம்பித்தேன். காலை 5 மணிக்கு எழுவது, தியானம், அரை மணி நேர நடை, டைரி, சீனியை நிறுத்துவது, வாரம் மூன்று நாள் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுவது. ஒன்பதாம் நாள் ஷிப்ட் மாறியது, அத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. இது நான்காவது முறை. எனக்கு மனஉறுதியே கிடையாதா? அம்மாவை இப்படி வைத்துக்கொண்டு என் உடம்பைப் பற்றி யோசிப்பது சுயநலமோ என்றும் தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்பதாம் நாள் ஷிப்ட் மாறியது என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் எனக்கு மனஉறுதி இல்லையா என்று கேட்கிறீர்கள். 12 மணி நேரம் வேலை செய்து, மழையிலும் பாலம் தாண்டி வந்து, அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்கு அது இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? நீங்கள் எல்லாவற்றையும் கடிகாரத்தில் கட்டி வைத்தீர்கள். உங்கள் கடிகாரமோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தலைகீழாகிறது.

இந்த 21 நாள் கணக்கை முதலில் விடுங்கள். அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பிற்பாடு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு பழக்கம், அதுவும் மதியச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் தண்ணீர் என்கிற மாதிரி, அன்றாடம் நடக்கும் ஒன்றோடு சேர்த்து. பாதிப் பேருக்கு 66 நாளுக்குள் பழகியது, சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அவர்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஆறு. யோசித்துப் பாருங்கள்.

எனக்கும் இனிப்புநீர் உண்டு, 11 வருடமாக. தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவார். ராத்திரி படுக்கும் முன் பார்க்கலாம் என்று நினைத்து நினைத்து மாதக்கணக்கில் நான் பார்க்கவேயில்லை. ஒரு நாள் பார்த்தால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெடித்து ஈரமாக இருந்தது, வலியே இல்லை, எத்தனை நாளாக அப்படி இருந்தது என்றும் தெரியாது. ஆற ஆறு வாரம் பிடித்தது. அப்புறம்தான் ஒரு சின்ன முகக்கண்ணாடி வாங்கி, குளியலறைக்கு வெளியே துண்டு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். துண்டை எடுக்கப் போனால் கண்ணாடி கையில் படும். முக்காலியில் உட்கார்ந்து விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டு, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்ப்பேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. ராத்திரி என்று வைத்திருந்தபோது நடக்காதது, துண்டோடு சேர்ந்ததும் நடக்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பகல் ஷிப்டோ இரவு ஷிப்டோ, வந்ததும் மாறாமல் செய்வது என்ன? கிரில்லைப் பூட்டுவீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பீர்கள். வேலைக்குக் கிளம்பும்போது அந்த ஹெல்மெட் வைக்கிற இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மூடி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து ஹெல்மெட்டை வைத்ததும் உட்கார்ந்து அதைக் குடியுங்கள், யார் கூப்பிட்டாலும் குடித்துவிட்டு எழுந்திருங்கள். அவ்வளவுதான். இது போதுமா என்று மனம் கேட்கும், கேட்கட்டும். யோசிக்காமலே கை டம்ளருக்குப் போகிற அளவுக்குப் பழகிய பிறகு, அதே இடத்தில் உட்கார்ந்தபடி கழுத்தையும் தோளையும் இரண்டு நிமிடம் அசைத்துவிடலாம்.

நடை இப்போதைக்கு வேண்டாம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் உங்களுக்கு வேண்டியது தூக்கம். தூக்கக் கலக்கத்தில் 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நீங்கள் மோட்டார் ஓட்டுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். தண்ணீர்மலையின் 513 படிகளை விடுமுறை நாளில் ஏறிக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சீனியையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கேட்கும்போது 'கூராங் மானிஸ்', இனிப்பு குறைவாக, என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆயர் ஈத்தாமில் நான் போகும் கடையில் இரண்டு மாதம் அப்படிச் சொன்னேன். இப்போது நான் நாற்காலியை இழுக்கும்போதே அங்குள்ள தம்பி, 'அக்கா, சீனி குறைச்சல்தானே' என்பார். நான் மறக்கிற நாளிலும் அவர் மறப்பதில்லை.

சுயநலம் என்று எழுதியதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கும் வருவதற்கான வாய்ப்பு கூடுதல். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருந்தது. நீங்கள் விழுந்தால் அம்மாவுக்கு ஊசி போட யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லாவிட்டாலும், அம்மாவே இல்லாவிட்டாலும்கூட, உங்கள் உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டிய உடம்புதான். அடுத்த முறை அம்மாவை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது நீங்களும் ஒரு நம்பர் எடுத்து உட்காருங்கள், கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்) தான். சோர்வு வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஹெல்மெட்டை எங்கே வைப்பீர்கள், மேசையிலா, ஆணியிலா? ஆணி என்றால் கீழே ஒரு சின்ன முக்காலி வேண்டும், டம்ளர் வைக்க. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா