முதலில் எடை, அப்புறம் நிறம்: ஃபிளாட்ஹெட் கேள்வி-பதில்

தண்ணீர் சூடாகத் தொடங்கியதும் சிட்னி, பிரிஸ்பேன் பக்கத்திலிருந்து ஃபிளாட்ஹெட் என்ற தட்டைத்தலை மீனைப் பிடிப்பது பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையின் கழிமுகங்களில் கிடைக்கும் டஸ்கி ஃபிளாட்ஹெட் என்ற இனத்தை மனதில் வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லியிருக்கிறேன். மெல்பர்ன்காரர்களுக்கு ஒரு பதில் தனியாக இருக்கிறது.

கடையில் சுவர் முழுக்க சாஃப்ட் பிளாஸ்டிக் (மெத்தென்ற செயற்கை இரை, அதாவது ஒரு வகை லூர்) தொங்குகிறது. எந்த நிறம், எந்த வடிவம் என்று குழம்பி வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். முதலில் எதை வாங்க வேண்டும்? (பாரமட்டா வாசகர்)

ஜிக்ஹெட்டை, அதாவது தலையில் எடை வைத்த கொக்கியை. பிளாஸ்டிக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மீன் மணலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்துக் கிடக்கும். பக்கத்தில் வரும் இரையை ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். தலைக்கு மேலே நீந்திப் போகும் லூரைத் துரத்திக்கொண்டு அதிக தூரம் வராது. ஆகவே லூர் அடிமணலைத் தொட வேண்டும். அதைத் தீர்மானிப்பது எடைதான். இடுப்பளவுத் தண்ணீரில், இழுப்பு இல்லாத இடத்தில் எட்டில் ஒரு பங்கு அவுன்ஸ் (சுமார் 3.5 கிராம்) போதும். இரண்டு மூன்று மீட்டர் ஆழமும் கொஞ்சம் ஓட்டமும் இருந்தால் கால் அவுன்ஸ் (7 கிராம்). வேகமாக ஓடும் கால்வாய்க்கு 10 அல்லது 14 கிராம். எறிந்த பிறகு நூலைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருந்த நூல் சட்டென்று தளர்ந்தால் அடி தட்டிவிட்டது. தளரவே இல்லையென்றால் அடுத்த எடைக்குப் போங்கள். கொக்கி 3/0 அல்லது 4/0 அளவில் இருக்கட்டும்.

அதன் பிறகு, 3 முதல் 4 அங்குலத்தில் வால் ஆடும் பேடில் டெயில் ஒரு பாக்கெட், நேர்வால் ஜெர்க் ஷாட் ஒரு பாக்கெட். தெளிந்த தண்ணீரில் மடவைக்குஞ்சு, இறால் போன்ற மங்கல் நிறம். கலங்கலில் பிங்க் அல்லது அடர்ந்த நிறம். இதற்கு மேல் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது கடைக்காரருக்குத்தான் லாபம். இன்னொன்று: இசட்மேன் பிளாஸ்டிக்கை மற்ற கம்பெனிப் பிளாஸ்டிக்கோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எறிகிறேன், சுற்றுகிறேன், எறிகிறேன், சுற்றுகிறேன். ஒன்றும் கடிப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் அதே லூரில் பிடிக்கிறார். (ரெட்கிளிஃப் வாசகர்)

நீங்கள் சுற்றுகிறீர்கள், அவர் தூக்கி விடுகிறார். வித்தியாசம் அதில்தான் இருக்கும்.

லூர் அடி தட்டியதும் தூண்டில் ராடை ஒரு முழம் உயரத்துக்கு இரண்டு சிறு வெட்டாகத் தூக்குங்கள். பிறகு ராட் நுனியை லூரோடு சேர்த்தே மெதுவாக இறக்குங்கள். லூர் மறுபடி மணலில் உட்காரட்டும், இரண்டு மூன்று நொடி சும்மா கிடக்கட்டும். அப்புறம் தொய்வை மட்டும் சுற்றிக்கொண்டு மீண்டும் தூக்குங்கள். பெரும்பாலான கடிகள் லூர் இறங்கும்போதுதான் வரும். அப்போது நூல் முழுக்கத் தொய்ந்து கிடந்தால் கடித்ததே தெரியாது. விறைப்பாகப் பிடித்தாலோ லூர் இயல்பாக விழாது. லேசான இழுப்போடு இறக்கப் பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். சில சமயம் ‘டக்’ என்று தட்டும், சில சமயம் தூக்கும்போது பாசி மாட்டியது போல வெறும் கனமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ராடைத் தூக்கிவிடுங்கள்.

உங்கள் லீடரையும் (லூருக்கு முன்னால் கட்டும் தனி நூல்) பாருங்கள். இதன் பற்கள் கத்தி போல் வெட்டாது, அரம் போல் உரசும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தடவுங்கள், சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். பிரெய்ட் (பின்னல்) நூல் 10 பவுண்டு, ஃபுளோரோகார்பன் லீடர் 12 முதல் 16 பவுண்டு தாங்குவதாக இருந்தால் சாதாரண மீனுக்குச் சரியாக இருக்கும்.

குடும்பத்தோடு லேக் மக்வாரி போகிறோம். படகு இல்லை. கரையில் எங்கே, எப்போது நிற்பது? (பிளாக்டவுன் வாசகி)

கடல் ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரத்தின் பின்பாதியில். திட்டுகளிலும் கடல்புல்லுக்குள்ளும் மேய்ந்த சிறுமீனும் இறாலும் அப்போது வேறு வழியில்லாமல் ஆழத்துக்கு இறங்கும். அவை இறங்கும் வழியில்தான் ஃபிளாட்ஹெட் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஓடைவாய், மணல் திட்டு சரிந்து ஆழமாகும் விளிம்பு, புல்லும் மணலும் சந்திக்கும் ஓரம் ஆகிய மூன்றையும் தேடுங்கள். ஏரி கடலோடு சேரும் ஸ்வான்சி கால்வாய்ப் பக்கம் ஓட்டம் வேகமாக இருக்கும். அங்கே எடையைக் கூட்டுங்கள், பிள்ளைகளை விளிம்பில் விடாதீர்கள்.

கால்வாய்ப் பக்கம் நீர் வற்றியதும் ஒரு காரியம் செய்யுங்கள். வெளியே தெரியும் மணலில் நடந்து பாருங்கள். முக்கோணத் தலையும் நீண்ட வாலுமாக மீன் படுத்திருந்த பள்ளம் அப்படியே பதிந்திருக்கும். அடுத்த ஏற்றத்தில் எங்கே எறிவது என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பொதுவாக மீன்பிடிக் கட்டண ரசீது வேண்டும். ஆன்லைனிலேயே வாங்கலாம்.

வைப் (இழுக்கும்போது அதிரும் லூர்), பிளேடு (உலோகத் தகடு லூர்), ஹார்ட்பாடி (கெட்டியான மீன் வடிவ லூர்) எல்லாம் தேவையா? (ஹோபார்ட்வில் வாசகர்)

முதல் கோடையில் தேவையில்லை. ஆழத்தில், குறிப்பாகக் குளிர் மாதங்களில், வைப் நன்றாக வேலை செய்யும். முழங்கால் தண்ணீரில் வேகமாக நிறைய இடம் தேட வேண்டுமென்றால், மூக்கு மணலைத் தட்டிக்கொண்டே போகும் ஹார்ட்பாடி நல்லது. புல் நிறைந்த இடத்தில் இரண்டுமே எரிச்சல். மூன்று கவைக் கொக்கியில் புல்தான் வரும்.

கோல்ட் கோஸ்ட் பிராட்வாட்டரில் 80 செ.மீ. மீன் கிடைத்தது. உடன் வந்த அண்ணன் விடச் சொன்னார், மனசே இல்லாமல் விட்டேன். விட்டது சரிதானா?

சரி. அண்ணனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். குயின்ஸ்லாந்தில் டஸ்கி 40 முதல் 75 செ.மீ. வரைதான் வைத்துக்கொள்ளலாம். நியூ சவுத் வேல்ஸில் 36 முதல் 70, விக்டோரியாவில் 30 முதல் 55. மூன்றிலும் ஆளுக்கு ஐந்து. விதி மாறக்கூடும், ஆகவே கிளம்புமுன் அந்தந்த மாநில மீன்வளத் துறைத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த அளவு மீன் ஏறக்குறைய எல்லாமே பெண். கோடையில் கழிமுக வாய்ப் பக்கம் முட்டையிட வருபவை அவைதான். தவிர, அதைத் தின்னவும் அவ்வளவு ருசி கிடையாது. தூக்கும்போது முடிச்சில்லாத ரப்பர் வலை பயன்படுத்துங்கள். செவுள் மூடியின் ஓரத்தில் கூர்முள் இருக்கிறது. தலையை உதறும்போது கையைக் கிழித்துவிடும்.

மெல்பர்ன் போர்ட் ஃபிலிப் விரிகுடாவிலும் இதே முறைதானா?

அங்கே உங்களுக்கு அதிகம் மாட்டுவது சாண்ட் ஃபிளாட்ஹெட், சின்ன இனம். லூரை 2 முதல் 3 அங்குலத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். படகை காற்றோடு மிதக்கவிட்டு, லூர் அடியைத் தட்டித் தட்டி வரும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஒன்று கிடைத்த இடத்தில் இன்னும் சில இருக்கும், அதே தடத்தில் மறுபடி மிதந்து வாருங்கள்.

குழம்பு வைத்தால் உதிர்ந்துவிடுகிறதே?

கொழுப்பு குறைந்த மீன், அதிகம் கொதித்தால் உதிரத்தான் செய்யும். துண்டுகளை மிளகாய்த்தூள், மஞ்சள், அரிசி மாவு தடவிப் பொரியுங்கள். குழம்புதான் வேண்டுமென்றால் தலையையும் நடுமுள்ளையும் போட்டுக் கொதிக்க வையுங்கள்; சதையை அடுப்பை அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டால் போதும், கரண்டி போட்டுக் கிளற வேண்டாம்.