காத்மாண்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் கற்பிக்கப் போகலாமா?

கேள்வி: தம்பிலுவிலில் ஐந்து வருடமாக முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் தோழியுடன் நேபாளம் போக ஆசை. காத்மாண்டுவில் ஒரு சிறுவர் இல்லத்தில் இரண்டு வாரம் தங்கி, அனாதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தோம். தங்குமிடம், சாப்பாடு உட்பட 450 டொலர். ஊர் பார்த்ததாகவும் இருக்கும், நாலு பிள்ளைகளுக்கு உதவியதாகவும் இருக்கும். நம்பிப் போகலாமா அக்கா? என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பதில்: நேபாளத்துக்குப் போங்கள், தங்கச்சி. அந்த இல்லத்துக்குப் போக வேண்டாம்.

காரணத்தை நம் கடற்கரையிலிருந்தே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு திருக்கோவிலிலிருந்து வாகரை வரை வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். நீங்கள் அப்போது முன்பள்ளி வயதுப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வந்தவர்கள் நல்ல மனிதர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவும் நிறங்களின் பாட்டை முதலிலிருந்து கற்பித்தது. நாலாவது குழு வந்தபோது, அவர்கள் வாய் திறக்கும் முன்பே பிள்ளைகள் பாடி முடித்துவிட்டார்கள். “எவ்வளவு கெட்டிக்காரர்கள்!” என்று கைதட்டினார்கள் வந்தவர்கள்.

அங்கே ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வேனிலிருந்து யார் இறங்கினாலும் ஓடிப்போய்ச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு முழுதாகத் தெரிந்த ஆங்கில வாக்கியம் ஒன்றுதான்: “ஹவ் மெனி டேஸ்?” பதினான்கு என்று பதில் வந்தால், தன் பத்து விரல்களும் போதாமல் வந்தவரின் விரல்களையும் மடித்து எண்ணுவாள்.

இதைப் பாசம் என்று நினைத்து வந்தவர்கள் கண் கலங்கினார்கள். உங்கள் முன்பள்ளியில் முதல் நாள் அம்மாவின் சேலைத் தலைப்பை விடாமல் அழுகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சரியாக வளர்கிற பிள்ளை அதுதான். அறியாதவர் யாரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒருவரின் பராமரிப்புக் கிடைக்காத பிள்ளைகளிடம் காணப்படும் பாதிப்பு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி, இல்லப் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஆள் மாறினால் அந்தப் புண் எப்படி ஆறும்?

விளம்பரத்தில் உள்ள ‘அனாதை’ என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் இல்லத்திலேயே பலருக்குத் தாய் உயிரோடு இருந்தார். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். சுனாமியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோரை வளர்த்தது பெரியம்மாக்களும் மாமிமாரும்தான். நேபாளத்தில் நிலைமை இதைவிட மோசம். ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போய், நகரத்தில் படிப்பு வாங்கித் தருகிறோம் என்று பெற்றோரிடம் காசும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்து, பத்திரங்களில் அனாதைகளாக்கிய கதைகள் பல. அந்த நாட்டின் சிறுவர் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், கஸ்கி, சித்வன் என்ற ஐந்து மாவட்டங்களில் குவிந்திருக்கின்றன. வறுமை அதிகமுள்ள மாவட்டங்கள் அல்ல அவை. சுற்றுலாப் பயணிகள் போகிற மாவட்டங்கள். உங்கள் 450 டொலர் எதை வளர்க்கும் என்பதை இந்த ஒரு விவரமே சொல்லிவிடுகிறது. அனாதை இல்லங்களில் தொண்டுச் சுற்றுலாவால் வரும் தீங்கைத் தடுக்கும்படி 2019இல் ஐ.நா. பொதுச்சபையே நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

ஆவணங்களைப் பற்றிக் கேட்டீர்கள். சார்க் நாட்டவர் என்பதால் இலங்கையருக்கு ஆண்டின் முதல் பயணத்தில் 30 நாள் நேபாளச் சுற்றுலா விசா கட்டணமில்லாமல் கிடைக்கிறது. ஆனால் அந்த விசாவில் சம்பளம் இல்லாத வேலையும் செய்யக்கூடாது. சுற்றுலா விசாவிலேயே வரச் சொல்கிற நிறுவனம் உங்களைச் சட்டத்தை மீறச் சொல்கிறது. பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரைக் காசு கட்டினார் என்பதற்காகப் பிள்ளைகளின் படுக்கையறை வரை விடுகிற இடத்துக்கு, நாளை இன்னும் யார் யாரெல்லாம் வருவார்கள்?

இன்னொன்று, உங்களுக்கு நேபாளி தெரியாது. கதை சொல்வதுதான் உங்கள் தொழிலின் உயிர். மொழியில்லாமல் மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன கதை சொல்வீர்கள்?

ஐந்து வருட அனுபவம் சின்ன விஷயமல்ல. அதை வெளிநாட்டில் பயன்படுத்த விரும்பினால், பிள்ளைகளுக்கு நேரே கற்பிப்பதை விட்டு, ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்கிற திட்டங்களைத் தேடுங்கள். சிரட்டை, புளியங்கொட்டை, தென்னோலை வைத்து எண் கற்பிக்கிற உங்கள் முறையை அந்த ஊர் ஆசிரியை ஒருவர் பிடித்துக்கொண்டால், நீங்கள் திரும்பிய பிறகும் அது வகுப்பில் இருக்கும். ஐ.நா. தொண்டர் திட்டத்தில் இணையவழித் தொண்டுக்குக் கட்டணமே இல்லை, வீட்டிலிருந்தே தொடங்கலாம். வெளிநாட்டுப் பணிக்குத் தெரிவானால் அவர்கள்தான் வாழ்க்கைச் செலவுக்குப் படி தருவார்கள், உங்களிடம் வாங்க மாட்டார்கள். எந்தத் திட்டமானாலும் அங்கே கேட்க வேண்டியது ஒன்று: “நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்?” உள்ளூர் ஆள் ஒருவர் சம்பளத்துக்குச் செய்திருப்பார் என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பயணத்தை மட்டும் ஆகஸ்டில் வைக்காதீர்கள். அங்கே அப்போது மழைக்காலம். இமயமலை பார்க்கப் பலரும் போகிற போக்கரா நகரில் நின்றாலும் மலை தெரியாது, அட்டைக்கடிதான் மிஞ்சும். நமக்கு மாரி கொட்டுகிற டிசம்பரில் அவர்களுக்கு வானம் தெளிந்திருக்கும். கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டு, குடும்பமாக நடத்துகிற சின்ன விடுதியில் தங்குங்கள். காசு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே போகும், அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்க. விசாப் படிவத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதுங்கள். அது உண்மையாகவும் இருக்கும்.