பிரேக்கா, பிரிவெண்டரா?

கேள்வி: ஐயா, நாங்க ரெண்டு கூட்டாளிமார் சேர்ந்து திருகோணமலையில 31 அடி பாய்ப்படகு ஒண்டு வாங்கினம். போன மாசி மாசம் மட்டக்களப்புல இருந்து அறுகம்பைக்கு ஓடக்குள்ள, ஒலுவில் தாண்டி, பின்னால காத்தோட போய்க்கொண்டிருக்க பூம் (பாய்ட அடியில கிடையா நிக்கிற கம்பு) திடீரெண்டு ஒரு பக்கத்தால மற்றப் பக்கம் பறந்து அடிச்சிட்டு. கூட்டாளிட தொப்பி கடலுக்க போச்சு, தலை மயிரிழையில தப்பிச்சு. ஒராள் பூம் பிரேக் வாங்கச் சொல்றார், இன்னொராள் பிரிவெண்டர் போதும் எண்டுறார். எதை வாங்கிற?
வாசகர், கல்லடி

பதில்: தம்பி, தொப்பியோட போனதுக்கு கடவுளுக்குத்தான் நன்றி சொல்லணும். பூம் அடிச்சு ஆள் செத்த கதை பாய்ப்படகுக்காரர் எல்லாருக்கும் தெரியும், அதால இத தள்ளிப்போடாம இந்த வருசம் கடலுக்குப் போக முதலே செய்ங்க.

மாசியில வாடை இளகிடும், ஆனா மார்கழி தையில எழும்பின அலை அப்பிடியே அடங்கிறதில்ல. தெற்கால போகக்குள்ள காத்து பின்பக்கத்தால வரும், படகு ரெண்டு பக்கமும் உருளும், உருளக்குள்ள பாய்ல காத்து விட்டுப்போகும், சுக்கான் பிடிக்கிறவர் கொஞ்சம் கண்ணசந்தா காத்து பாய்ட மற்றப் பக்கத்தால பூந்திடும், அவ்வளவுதான். பலத்த காத்திலதான் இது நடக்கும் எண்டு நினைக்காதீங்க, இளங்காத்தும் பெரிய அலையும் சேர்ந்த நாள்தான் கூடப் பயம்.

இப்ப ரெண்டு சாமானும் ஒரே வேலை செய்யிறதில்ல, இதத்தான் கனபேர் குழப்பிக்கிறாங்க. பிரிவெண்டர் பூமை போக விடாமப் பிடிக்கும். பிரேக் போக விடும், ஆனா மெதுவாத்தான் விடும், பூமில தொங்கிற பிரேக்குக்குள்ளால ஒரு கயிறு படகுக்குக் குறுக்கால போகும், அந்த உராய்வுதான் வேகத்தக் குறைக்கிற. விச்சார்ட் கம்பனிட கிப்ஈசி எண்டது அசையிற பாகம் ஒண்டுமில்லாத அலுமினியத் தகடு, கயிறக் கோக்கிற விதத்த மாத்தி இறுக்கத்தக் கூட்டிக் குறைக்கலாம். வாள்டர் எண்டா கயிறச் சுத்திற உருளை மாதிரி. ரெண்டும் நல்ல சாமான்தான், நீங்களா வேணுமெண்டு பூமை மற்றப் பக்கத்துக்கு மாத்தக்குள்ள, அதுவும் ரெண்டே பேர் ஓடுற படகுல, பெரிய உதவி.

ஆனா ஒண்டை மட்டும் வாங்கக் காசிருந்தா பிரிவெண்டரையே போடுங்க எண்டுதான் நான் சொல்லுவன். காரணம், பிரிவெண்டர் பூமிட நுனியில பிடிக்கும், பிரேக் பாய்மரத்துக்குக் கிட்டப் பிடிக்கும். ஒரு கதவ வச்சுப் பாருங்க. கதவ கைபிடியில பிடிச்சு நிப்பாட்டுங்க, மறுகா பிணைச்சலுக்குக் கிட்டப் பிடிச்சு நிப்பாட்டிப் பாருங்க. பூம் 4 மீட்டர் எண்டு வைங்க, பிரேக் பாய்மரத்தில இருந்து ஒண்டேகால் மீட்டர்ல தொங்கினா, நுனியில பிடிக்கிறதப்போல மூண்டு மடங்கு பாரம் அந்த இடத்தில வரும். பாரம் பூமுக்கு மட்டுமில்ல, டெக்கில கயிறு மாட்டுற வளையத்துக்கும்தான், அதால அடியில தகடு வச்சு போல்ட் போடாம பிரேக்க மாட்டிடாதீங்க.

நானும் ஒருக்கா சோம்பல்ல பிரிவெண்டர பூமிட நடுவில கட்டினவன். படகு உருண்டு பூம் நுனி தண்ணிக்குள்ள பூந்து, கயிறு கட்டின இடத்தில அலுமினியம் சோடாக் கேன நசுக்கின மாதிரி மடிஞ்சு போச்சு. அண்டையில இருந்து நுனியிலதான் கட்டுற.

கட்டுற விதம் இதுதான். பூம் நுனியில இருந்து கயிறு முன்னால அணியத்துக்குப் போகணும், அங்க ஒரு கப்பிக்குள்ளால திரும்பி கொக்பிட்டுக்கு (சுக்கான் பிடிக்கிறவர் இருக்கிற இடத்துக்கு) வரணும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒண்டு. பூம் வெளிய போன பிறகு நுனி கைக்கு எட்டாது, அதால நுனியில ஒரு துண்டுக் கயிற நிரந்தரமாக் கட்டி பூமோட சேத்து பாய்மரம் வரைக்கும் கொண்டுவந்து வைங்க, தேவைப்படக்குள்ள அதில கொழுவினாச் சரி. கொக்பிட்டில வந்த முனைய வின்ச்சில (கயிறு இழுத்து இறுக்கிற உருளையில) சுத்தி வைங்க, முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. காத்து மற்றப் பக்கத்தால பாய்க்குள்ள பூந்து பூம் மாட்டிக்கொண்டா படகு சரிஞ்சு நிக்கும், அந்த நேரம் பாரத்தோட இருக்கிற கயிற கொஞ்சங் கொஞ்சமா விடணும், இருட்டில ஒராள் முன்னுக்கு ஓடிப்போய் முடிச்சு அவிழ்க்கேலாது.

வேங் இருக்குத்தானே எண்டு சிலர் கேப்பாங்க, அது பூமைக் கீழ இழுத்து வைக்கும், பக்கத்துக்குப் போறதத் தடுக்காது.

பிறகு காசு சேந்தா பிரேக்கும் வாங்குங்க. அதிட கயிற மாசத்துக்கு ஒருக்கா விரலால தடவிப் பாருங்க, உராய்வுச் சூட்டில மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கி விறைச்சிருந்தா கயிற மாத்தணும். மலையேறுறவங்க பாவிக்கிற எட்டு வடிவக் கொழுக்கிய சிலர் பிரேக்கா பாவிக்கிறாங்க, சின்னப் படகுக்குச் சரிவரும், உங்கட 31 அடிக்கு நான் சொல்ல மாட்டன்.

பிரிவெண்டருக்கு 12 மில்லிமீட்டர் பொலியெஸ்டர் பின்னல் கயிறு, ஒரு பக்கத்துக்கு 20 மீட்டர்ல குறையாம எடுங்க. வாங்க முதல் பூமை நடுவில வச்சு நுனியில இருந்து அணியம், அணியத்தில இருந்து வின்ச் எண்டு சணல் கயித்தால அளந்து பாருங்க, ஏனெண்டா பூம் நடுவில நிக்கக்குள்ளதான் கயிறு கூட வேணும், வெளிய விட்டு அளந்தா கட்டாயம் குறையும்.