குமரி மாவட்டத்துக்கு வர்றவங்களுக்கு: சந்தை, மீன், சாப்பாட்டுக்கடை, கேட்டதுக்கெல்லாம் பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் நாகர்கோவில் வடசேரிக்காரன். கல்யாணச் சமையலுக்கு சரக்கு எடுத்துக் குடுக்குறது என் வேலை. தவசுப்பிள்ளை (கல்யாணச் சமையல்காரர்) லிஸ்ட் எழுதித் தருவாரு, காய்கறி, ஏத்தன் வாழைக் குலை, தேங்கா, கருப்பட்டி எல்லாம் சந்தை சந்தையா போய் நான் எடுத்துட்டு வருவேன். 22 வருஷமா இதே ஓட்டம்தான். அதனால எந்தச் சந்தை எத்தனை மணிக்கு உயிரோட இருக்கும்னு கொஞ்சம் தெரியும். லீவுக்கு இங்க வர்றவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி (கோயம்புத்தூர், குடும்பத்தோட 2 நாள்): அண்ணா, கன்னியாகுமரி கடற்கரை பக்கத்துலயே ரூம் போட்டிருக்கோம். போன தடவை வந்தப்ப சாப்பாடு ரொம்ப சுமார். இந்தத் தடவை எங்க போறது?

பதில்: அக்கா, முக்கடல் பக்கத்து ஹோட்டல்களுக்கு நாடு முழுக்க இருந்து ஆள் வருது, எல்லாருக்கும் சேத்து சமைக்கணும், ஒரே அடுக்களையில சோலே பூரியும் நூடுல்ஸும் மீல்ஸும் போகும்போது எங்க ஊர் கைப்பக்குவம் அதுல எங்க தெரியப்போவுது. சூரியன் உதிக்கிறத பாத்துட்டு அங்கயே டிபனுக்கு உக்காராம நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிருங்க, 20 கிலோமீட்டர்தான். இங்க யாராவது "காப்பி குடிச்சாச்சா"ன்னு கேட்டா வெறும் காப்பிய கேக்கல, காலைச் சாப்பாடு ஆச்சான்னு கேக்குறாங்க. அந்தக் காப்பிக்கு புட்டு, பயறு, பப்படம், கூட ஒரு பழம். எல்லாத்தையும் கையால ஒண்ணா பிசைஞ்சு சாப்பிடணும், பிள்ளைகளுக்கும் அப்படியே பிசைஞ்சு குடுங்க, ரொம்ப பிடிக்கும். இல்லேன்னா தோசையும் ரசவடையும். 9 மணிக்கு மேல போனா புட்டு ஆறி இறுகிப் போயிருக்கும், சீக்கிரம் போங்க.

கேள்வி (மதுரை): ரயில் விடியக்காலத்துல நாகர்கோவில் ஜங்ஷன்ல இறக்கிவிட்டுரும். சந்தை பாக்கணும்னு ரொம்ப ஆசை. எங்க ஆரம்பிக்கலாம்ணே?

பதில்: ஜங்ஷன் இருக்கிறதே கோட்டாறுலதான் தம்பி. ஆனா கோட்டாறு கம்பளத்துல (கம்பளம்னா சந்தை) பலசரக்குக் கடை திறக்க நேரமாகும், அதனால மொதல்ல வடசேரிக்கு வந்துருங்க, கனகமூலம் சந்தை. விடியும்போதே தடியங்காய் (வெண்பூசணி), வெள்ளரி, சேனை, சேம்பு, காச்சில் கிழங்கு, சீனியவரை (கொத்தவரங்காய்)ன்னு குவிச்சிருப்பாங்க. எங்க அவியல்லயும் எரிசேரியிலயும் என்ன விழுதுன்னு இங்கயே தெரிஞ்சுக்கலாம். மார்கழி, தை மாசம் வந்தா சிறுகிழங்கு கண்டிப்பா இருக்கும், மண்ணோட விப்பாங்க, வீட்ல சாக்குல போட்டு தேய்ச்சா தோல் தானா உரிஞ்சுரும்.

அப்புறம் வாழைப்பழக் கடைக்கு போங்க, அங்க ஒரு அரைமணி நேரம் நின்னாலும் நஷ்டமில்ல. மட்டி, செந்துளுவன், ரசகதலி, பேயன், பாளையங்கோட்டான், ஏத்தன். நீங்க நேந்திரன்னு சொல்றதுதான் எங்களுக்கு ஏத்தன். இத்தனையும் ஒரே கடையில கயித்துல தொங்குறத பாத்தாதான் இது வாழைக்கான மண்ணுன்னு புரியும். மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. எனக்கெல்லாம் அது முன்னாடியே தெரிஞ்ச கதைதான், ஏன்னா எங்க ஊர்ல பிள்ளைக்கு பால் மறக்கடிக்கும்போது மொதல்ல மசிச்சுக் குடுக்குறதே மட்டிப்பழம்தான்.

பூவும் பாக்கணும்னா தோவாளை. அது விடியக்காலச் சந்தை, அதனால அங்க போறதா இருந்தா அத மொதல்ல முடிச்சுட்டு வடசேரிக்கு வாங்க.

கேள்வி (சென்னை): அண்ணே, நல்ல மீன் சாப்பாட்டுக் கடை ஒண்ணு பேர் சொல்லுங்க. சுத்தி வளைக்காம நேரா பேர் சொன்னா போதும்.

பதில்: கோவிச்சுக்காதீங்க தம்பி, பேர் சொல்ல மாட்டேன், காரணத்த சொல்றேன். 4 வருஷம் முன்னாடி சென்னையில இருந்து வந்த என் சொந்தக்காரங்கள, நான் வாரா வாரம் சாப்பிட்ட ஒரு கடைக்கு அனுப்பி வச்சேன். அதுக்கு முந்தின மாசம்தான் அங்க மாஸ்டர் மாறியிருந்தாரு, எனக்கு தெரியல. ஐஸ்ல கிடந்த மீன வாசம் மறைக்க மசாலா அள்ளிப் போட்டு குடுத்துருக்காங்க, சின்னப் பிள்ளைக்கு ராத்திரி முழுக்க வயித்த வலி. அன்னையில இருந்து நான் கடைப் பேர் சொல்றதில்ல, கடைய கண்டுபிடிக்கிற வழிய மட்டும்தான் சொல்றேன்.

வழி இதுதான். காலையில சந்தையில எது குவிஞ்சு கிடந்துச்சோ அது மத்தியானம் இலையில வரணும். சாளை (மத்தி) நிறைய வந்த அன்னைக்கு நல்ல கடையில சாளைக் கறிதான் இருக்கும், கிளாத்தி வந்த அன்னைக்கு கிளாத்தி. கடைக்குள்ள போன உடனே "இன்னைக்கு என்ன மீன்?"னு கேளுங்க. "அயிலையும் நெத்தோலியும்தான் இருக்கு, வேற இல்ல"ன்னு சொன்னா நம்பி உக்காருங்க. "எல்லாம் இருக்கு சார், நெய்மீன், இறால், கணவாய், என்ன வேணும்"னு சொன்னா பைய எழும்பி வந்துருங்க, அந்த எல்லாமும் ஐஸ் பெட்டியில இருந்துதான் வரும். காலையில சும்மா ஒரு மீன் சந்தைய சுத்திட்டு வந்தீங்கன்னா போதும், மத்தியானம் எந்தக் கடைக்காரரும் உங்கள ஏமாத்த முடியாது. (நெய்மீன்னா உங்க வஞ்சிரம்.)

கேட்டு வாங்க வேண்டியதுன்னா மீன் புளிமுளம், எங்க ஊர் மீன் கறி. வேற ஊர்ல இந்தப் பேரே யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. சம்பா அரிசிச் சோறு இருந்தா அத வாங்குங்க, செவப்பா பெருசா இருக்கும், மொதல் வாய்க்கு மொரடா தெரிஞ்சாலும் மீன் கறிக்கு அதுதான் சேரும்.

கேள்வி (திருச்சி): துறைமுகத்துலயே நேரா மீன் வாங்கணும்னா எங்க, எப்போ? மே மாசம் வர்றோம்.

பதில்: நல்ல வேளை மாசத்த சொன்னீங்க. எங்க மாவட்டத்துக்கு ரெண்டு கடல், ரெண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் விசைப்படகுக்கு கிழக்குக் கடற்கரை கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் போகாது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரை கணக்கு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31. அதனால மே மாசம் சின்னமுட்டம் போனா படகெல்லாம் கரையில கட்டிக்கிடக்கும், நீங்க குளச்சல் பக்கம் போகணும். ஜூன் 15க்கு மேல வர்றவங்களுக்கு அப்படியே திருப்பிப் போடுங்க. நடுவுல ஜூன் மொத ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும் விசைப்படகு கிடையாது, வள்ளத்துல (சின்ன நாட்டுப்படகுல) வர்ற மீன்தான்.

அந்த வள்ளத்து மீன குறைவா நினைச்சுராதீங்க. ஆழ்கடல் போற படகு நாள் கணக்கா கடல்ல கிடந்துட்டு வரும், தூத்தூர் பக்கத்துக்காரங்க வாரக்கணக்குல தங்கிப் பிடிப்பாங்க, அந்த மீன் ஐஸ் போட்டுத்தான் கரைக்கு வரும், வேற வழியில்ல. வள்ளம் போய்ட்டு அன்னைக்கே திரும்புது, அது பச்சை மீன். சின்னமுட்டம் படகும் விடியக்காலம் போய் அன்னைக்கே வந்துரும், சாயங்காலத்துக்கு மேல போனா ஏலம் பாக்கலாம். ஏலத்துல நீங்க கை தூக்க வேண்டாம், அது மொத்தமா எடுக்குறவங்களுக்கு. ஏலம் எடுத்துட்டு பக்கத்துலயே பரப்பி வச்சிருக்கிற அம்மாமார்கிட்ட வாங்குங்க, கொஞ்சம் காசு குடுத்தா வெட்டிக் கழுவியும் தருவாங்க. கண்ணு குழியாம இருக்கணும், செவுள் செக்கச்செவேல்னு இருக்கணும், விரல வச்சு அமுக்கினா பள்ளம் நிக்கக்கூடாது. அம்மாமார்கிட்ட ஓரளவுக்கு மேல பேரம் பேசாதீங்க, வெயில்ல தலையில சுமந்து ஊரூரா போய் விக்கிற ஆளுக.

ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க. கடற்கரை ஊர் எல்லாம் கோயிலுக்கு (சர்ச்சுக்கு) போற நாள், கடலுக்கு இறங்க மாட்டாங்க. மார்த்தாண்டம், கருங்கல் பக்கமும் அன்னைக்கு பாதிக் கடை சாத்தியிருக்கும்.

கேள்வி (சேலம்): அம்மா சுத்த சைவம். நாஞ்சில் நாட்டு கல்யாணச் சாப்பாடு பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கோம். கல்யாண வீடு இல்லாம அத சாப்பிட வழி இருக்கா?

பதில்: இந்தக் கேள்விய யாராவது கேப்பாங்களான்னு காத்துட்டே இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி காய்கறி வெட்டுன்னு சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்து விடிய விடிய வெட்டுறதுல தொடங்கி, பருப்பு, சாம்பார், அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிப்பச்சடி, நார்த்தங்காய், ஏத்தங்காய் வறுவல், புளிசேரி, பிரதமன் பாயசம்னு ஒரு இலையில வந்து விழுற அந்த முழு ருசி ஹோட்டல்ல கிடைக்காதும்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆயிரம் பேருக்கு விறகடுப்புல உருளியில வைக்கிற பிரதமனும் பத்து பேருக்கு கேஸ்ல வைக்கிறதும் ஒண்ணாகாது. ஆனா பக்கத்துல போகலாம். நாகர்கோவில்ல வக்கீல், ஆபீஸ் ஆளுக மத்தியானம் சாப்பிடுற சின்னச் சைவக் கடைகள்ல 12.30க்கும் 1.30க்கும் நடுவுல உக்காருங்க, அவியல் சூடா இருக்கும். அவியல்ல தேங்கா எண்ணெய் பச்சையா மணக்கணும், காய் நீளமா உடையாம நிக்கணும், கூழாக் கிடந்தா அது நேத்தைய சாம்பார்க் காய். உள்ளித் தீயல் (சின்ன வெங்காயக் குழம்பு) போட்டா ரெண்டு தடவை கேளுங்க. ஓணம் சமயத்துல வந்தா நிறைய இடத்துல இலைச் சாப்பாடு உண்டு, அது இன்னும் நல்லா இருக்கும்.

பாயசம் வந்தா டம்ளர் கேக்காம இலையிலயே வாங்கச் சொல்லுங்க, பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் அதுல நொறுக்கிப் பிசைஞ்சு சாப்பிடணும். பாயசத்தோட எழும்பிராதீங்க, அதுக்கப்புறமும் மோர் வரும்.

கேள்வி (பெங்களூரு): ஏன் உங்க ஊர் சாப்பாடு பாதி கேரளா மாதிரி இருக்கு?

பதில்: 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர் பக்கம் இருந்தவங்கதான். பேச்சு தமிழ், அடுப்புல தேங்கா எண்ணெய். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) அந்த வழியா வந்ததுதான், விசாகம் திருநாள் மகாராஜா 1880கள்ல பரப்பினது, அரிசி தட்டுப்பாடு வந்தப்ப எல்லாம் ஏழைபாழை வயித்த காப்பாத்தினது அந்தக் கிழங்கு.

கேள்வி (அதே பெங்களூரு): அப்ப அந்தக் கிழங்கு எங்க நல்லா கிடைக்கும்?

பதில்: மேற்க போங்க. தக்கலை தாண்டி மார்த்தாண்டம், குலசேகரம், கருங்கல் பக்கம். சாயங்காலம் 4 மணிக்கு சாயாக்கடையில கிழங்கு அவிச்சு தேங்கா, சீரகம், மிளகு அரைச்சுப் போட்டு மசிச்சு வச்சிருப்பாங்க, கூட மீன் கறி, இல்லேன்னா பீஃப். மாவு மாதிரி உதிரணும், நார் இழுத்தா முத்தின கிழங்கு. திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் பாத்துட்டு திரும்புற நேரத்துக்கு சரியா இருக்கும். மார்த்தாண்டத்துல தேன் வாங்காம வராதீங்க, ரப்பர்த் தோட்டத் தேன்தான் அங்க அதிகம், மாசி பங்குனியில எடுக்குறது. கொஞ்சம் நாள்ல உறைஞ்சு போகும், சீனி கலந்துட்டாங்கன்னு பயப்படாதீங்க, வெயில்ல வச்சா இளகிரும்.

கேள்வி (ஈரோடு): சிப்ஸ் வாங்கணும். எல்லாக் கடையிலயும் நாகர்கோவில் சிப்ஸ்னு போர்டு இருக்கு, எப்படி நம்புறது?

பதில்: போர்ட விடுங்க, சட்டிய பாருங்க. கடை முன்னாடியே சட்டி காயணும், பச்சை ஏத்தங்காய எண்ணெய்க்கு மேலயே நேரா சீவணும், நடுவுல உப்பும் மஞ்சளும் கரைச்ச தண்ணிய ஒரு கரண்டி எண்ணெய்க்குள்ள விடுவாங்க, சடசடன்னு சத்தம் வந்து அடங்கும், அடங்கின உடனே அள்ளணும். எண்ணெய் கருத்திருந்தா தாண்டிப் போங்க. ஒண்ண எடுத்து ஒடிச்சா டக்குன்னு ஒடியணும், கையில தேங்கா எண்ணெய் மணக்கணும். சூட்டோட கவர்ல கட்ட விடாதீங்க, வேர்த்து நமுத்துப் போகும். கூடவே சர்க்கரை வரட்டி (வெல்லப்பாகு பிடிச்ச ஏத்தங்காய்) கால் கிலோ.

கேள்வி (விழுப்புரம்): அண்ணே பதநீர் கிடைக்குமா?

பதில்: எங்க பக்கம் அக்கானின்னு கேளுங்க, உடனே கை காட்டுவாங்க. வெயில் காலத்துல, காலையில மட்டும். வெயில் ஏறினா புளிச்சுரும்.

கேள்வி (தஞ்சாவூர்): மட்டிப்பழமும் முந்திரிக்கொத்தும் ஊருக்கு கொண்டு போகணும், 10 மணி நேரப் பயணம். தாங்குமா?

பதில்: முந்திரிக்கொத்து கவலையே இல்ல, வறுத்த சிறுபயறும் கருப்பட்டிப் பாகும் பிடிச்சு மாவுல முக்கிப் பொரிச்சது, ஒரு வாரம் தாராளமா இருக்கும். கடிச்சா உள்ள இருக்கிறது உதிரணும், கல்லு மாதிரி இருந்தா பாகு முத்திப்போச்சு, வேண்டாம்னுருங்க. பேருல முந்திரி இருக்கே, உள்ள முந்திரிய காணலியேன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, கொத்துக் கொத்தா ஒட்டி இருக்கிறதால வந்த பேருன்னு சொல்லுவாங்க.

மட்டிதான் பூ மாதிரி. தோல் ரொம்ப மெலிசு. பழுத்தத வாங்காம, காம்பு பச்சையா, அடியில லேசா மஞ்சள் தட்டின சீப்பு கேட்டு வாங்குங்க, கடைசி நாள் சாயங்காலம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாங்கினா போதும். பேப்பர்ல சுத்தி மேல பாரம் வைக்காம மடியிலயே வச்சுக்கிடுங்க. ஊர் போய் சேந்ததும் பிரிட்ஜ்ல வச்சுராதீங்க, கருத்துரும், அடுக்களையில ஒரு கயித்துல தொங்க விடுங்க, ரெண்டாம் நாள் வீடு முழுக்க மணக்கும், அப்ப சாப்பிடுங்க.