ஜெபிக்க வாய் வராத நாட்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆறு வயது. ஜெபிக்க உட்கார்ந்தால் 'ஏன் எடுத்தீர்' என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. அப்படிக் கேட்பது பாவம் என்கிறார்கள் வீட்டில். யோபுக்குத் திரும்பக் கொடுத்தவர் உனக்கும் இன்னொரு பிள்ளை கொடுப்பார் என்கிறார்கள். கேட்கும்போதே உடம்பு பற்றி எரிகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வேதத்தில் வரும் யோபு, தன் ஆடுமாடுகளையும் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தவன். அவனுடைய நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. பிறகுதான் கடவுளுக்காக வக்காலத்து வாங்கத் தொடங்கினார்கள். யோபுவோ பிறந்த நாளையே சபித்தான், கடவுளோடு வழக்காடவேண்டும் என்றான். அவனுக்கும் கண்டிப்பு கிடைத்தது, உண்மைதான். ஆனால் கர்த்தருடைய கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மேல். யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார், யோபு புத்தகத்தின் 42ஆம் அதிகாரத்தில்.

அதே அதிகாரத்தில், அவன் இழந்த 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆகின்றன. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். போன பத்துப் பேரும் இன்னும் அவன் பிள்ளைகள்தான், அதனால்தான் இரட்டிப்பு இல்லை என்றே நான் வாசிக்கிறேன். ஆட்டுக்கு ஆடு ஈடாகும். உங்கள் உடம்பு எரிவதில் தப்பே இல்லை.

என் தம்பி இறந்தபோது அவன் சாப்பிட்ட மாத்திரை அட்டையில் நாலு மிச்சம் இருந்தது. அம்மா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். தினமும் புத்தகத்தைத் திறப்பார், அட்டையைத் தடவிப் பார்ப்பார், ஒரு வரிகூடப் படிக்காமல் மூடிவிடுவார். பல மாதம் அப்படியே போயிற்று. ஒரு விடியற்காலையில் அவர் குரல் கேட்டு விழித்தேன். "என் பிள்ளை எங்கே? சொல்லும்!" அப்பாவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கவில்லை. அவரிடம் கேட்டார். பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு, அம்மா பிழைத்துக்கொள்வார் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இல்லாதவரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

லாசரு இறந்தபோது மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னதும் குற்றச்சாட்டுதான்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் செத்திருக்கமாட்டான். அவர் அதட்டவில்லை. இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கண்ணீர் விட்டார். என் நம்பிக்கை முழுக்க அந்த இடத்தில்தான் நிற்கிறது. முடிவு தெரிந்தவரே அழுதார் என்றால், முடிவு தெரியாத உங்களை அழாதே என்று சொல்ல இங்கே யாருக்கு உரிமை?

வேறு வார்த்தை வராவிட்டால் 'ஏன் எடுத்தீர்' என்பதையே தினமும் கேளுங்கள். அதுவும் முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

மகளின் பெயரை எழுதியிருந்தீர்கள். இங்கே அதை எடுத்துவிட்டேன். இன்று காலை ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொன்னேன். நாளையும் சொல்வேன்.