பெயரை மறைத்தலும் பிறப்பைத் திருடுதலும்

கேள்வி: ஏசா கார்ட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிய ஆவணப்படமொன்றைப் பார்த்தேன். செரோக்கி பழங்குடிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்த அநாதைச் சிறுவனின் கதையைத் தன் சொந்த வரலாறு என்று அவர் எழுதியது பொய்யாம். 'லிட்டில் ட்ரீயின் கல்வி' (The Education of Little Tree) என்ற அந்த நூல் எனக்கு மிகவும் பிடித்தது. இனி அதை மாணவருக்குக் கொடுக்கலாமா? எமது மண்ணிலும் பலர் புனைபெயரில்தானே எழுதினார்கள்?
– ஆசிரியை ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

கார்ட்டர் அலபாமாவில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானில் இயங்கியவர். 1956இல் பர்மிங்ஹாமில் மேடையில் பாடிக்கொண்டிருந்த கறுப்பினப் பாடகர் நற் கிங் கோலைத் தாக்கியவர்கள் அவரது குழுவினர். ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் 1963இல் பதவியேற்றபோது, இனப் பாகுபாடு இன்றும் நாளையும் என்றென்றும் நிலைக்கும் என்று முழங்கிய உரையை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். 1970இல் தாமே ஆளுநர் தேர்தலில் நின்று படுதோல்வியடைந்த பின்னர் ஊரை விட்டகன்று, 'பொரஸ்ட் கார்ட்டர்' என்ற செரோக்கி வழிவந்தவராகத் தோன்றினார். அந்தப் புதுப்பெயரையும் கிளானின் முதல் தலைவரான தளபதி பொரஸ்டிடமிருந்தே எடுத்தார் என்பது என்னை உறைய வைக்கிறது; பழையதைக் கைவிட்டவர் அப்படியொரு பெயரைத் தேடிச் சூடியிருக்க மாட்டார். 1976இல் உண்மை பத்திரிகையில் வெளிவந்தபோதும் அவர் மறுத்தார்; 1979இல் இறந்தார்.

போர்க்காலத்தில் வன்னியில் புனைபெயரில் எழுதியவர்களோ தம் உயிருக்கும் வீட்டாரின் உயிருக்கும் அஞ்சியே பெயரை மறைத்தார்கள். பெயர் பொய்யாக இருந்தாலும், பங்கருக்குள் இருந்து எழுதியவர் பங்கருக்குள்தான் இருந்தார். கார்ட்டர் மறைத்தது பெயரை மட்டுமன்று. நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு மக்களின் துயரத்துக்குத் தாமே வாரிசு என்று உரிமை கோரினார். 2009இல் இறுதிப் போரின்போது மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் ஷெல்லடிக்கு நடுவே, தறப்பாள் கொட்டில்களிலிருந்து வெளியே வந்து, அரிசியும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அங்கே இல்லாத ஒருவர் இருந்ததாக எழுதி நாளை அகப்பட்டால், உண்மையில் நின்ற தாயிடமும் அத்தாட்சி கேட்பார்கள். இதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நூலில் உங்கள் மனம் உருகியதற்காக நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை. அவர் எழுதத் தெரிந்தவர். ஆனாலும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். உயர்தர மாணவருக்குக் கொடுப்பதானால், அவர் யார் என்பதை முதலிலேயே சொல்லி, அந்த 1963 உரையின் ஒரு பகுதியையும் வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். பாடசாலை நூலகத்தில் வாழ்க்கை வரலாற்று அலுமாரியில் அது இருக்குமானால், எடுத்து நாவல்களோடு வையுங்கள். நியூயோர்க் டைம்ஸும் 1991இல் தன் விற்பனைப் பட்டியலில் அதைப் புனைவுப் பகுதிக்கு மாற்றியது.