நாய்க்குட்டியும் அம்மாவும் (வாசகர் கடிதம்)

வணக்கம் அக்கா,

திருகோணமலை உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஆசிரியை. கணவருக்குக் கந்தளாயில் வேலை, காலையில் போனால் இரவுதான் வருவார். மகளுக்குப் பத்து வயது. நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரு வருடமாக ஒரே பிடிவாதம். கோணேசர் கோயிலுக்குப் போனால் சாமி கும்பிடுவதைவிட, கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்கு வாழைப்பழம் கொடுப்பதில்தான் அவளுக்கு ஆசை. மிருகங்கள் என்றால் அவ்வளவு பாசம்.

என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரின் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது. தாய் ஜேர்மன் ஷெப்பர்ட் கலப்பு. குட்டிகளுக்கு இப்போது நாலு கிழமை. அடுத்த கிழமையே கொண்டுபோகலாம் என்கிறார். பெண்குட்டிகள்தான் மிச்சம். வீட்டுக்குக் காவல் என்று கணவர் சரி சொல்லிவிட்டார். எனக்கும் ஆசைதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. வரும் வருடம் எனக்கு இடமாற்றம் வரக்கூடும். அம்மாவும் எங்களோடு இருக்கிறார், வயது 67. கொஞ்சம் சுத்தம் பார்ப்பவர், ஆனால் பழகிவிடுவார் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம், நல்ல மனிதர்கள். அவர்களையும் யோசிக்கிறேன்.

ஒரு நாயை வளர்க்க நாங்கள் தயாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சு., உப்புவெளி


அன்புள்ள சு.,

மகள் கேட்கிறாள், கணவர் சம்மதம், நீங்கள் ஆசையும் பயமுமாக இருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி மட்டும் நீங்கள் நினைப்பதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. அவரிடம் இன்னும் கேட்கவே இல்லை, சரிதானே?

இந்த வீட்டில் அந்தக் குட்டியை வளர்க்கப்போவது அம்மாதான். நீங்களும் மகளும் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் வீடு திரும்ப இரண்டு மணியாகும். அதற்குப் பிறகு மகளுக்கு ரியூஷன், உங்களுக்குச் சமையல், கொப்பி திருத்தல். புதிதாக வந்த குட்டி ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம் சாப்பிடும். சாப்பிட்ட கையோடு அதை வெளியே கொண்டுபோக வேண்டும், நித்திரையால் எழும்பினாலும் கொண்டுபோக வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அடக்கிவைக்க அந்த வயதில் அதனால் முடியாது. போவது குசினியிலா சுவாமி அறை வாசலிலா என்று அது பார்க்கவும் மாட்டாது. பகல் பதினொரு மணிக்கு அதைத் துடைக்கப்போவது யார்? போதாததற்கு ஷெப்பர்ட் கலப்பு. அடர்ந்த மயிர், வருடம் முழுக்கக் கொட்டும். கூட்டுகிறவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

வயதுகளையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். இப்படியான நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அதற்கு எட்டு ஒன்பது வயதாகும்போது மகள் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள். எடுபட்டால் பேராதனையோ யாழ்ப்பாணமோ, எங்கேயோ ஒரு கம்பஸ். நாய் போகாது. மூட்டுவலியோடு படியேற முடியாமல், இரவில் சிறுநீர் தாங்காமல் அது கிழடாகிற காலத்தில் அம்மாவுக்கு எண்பது நெருங்கியிருக்கும். வளர்ந்தால் முப்பது கிலோ வரக்கூடிய நாய் அது. தெருவில் இன்னொரு நாயைக் கண்டு இழுத்தால் சங்கிலியின் மறுமுனையில் நிற்கிறவரின் இடுப்பு என்ன ஆகும்? பத்து வயதுப் பிள்ளையின் ஆசைக்கு இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். யோசிக்க வேண்டும்.

மான் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் கோட்டைக்குள் மட்டுமா மான், சந்தி வரைக்கும் வந்து குப்பை மேய்கிறது. எல்லோரும் வாழைப்பழம் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். பொலித்தீன் தின்று அதன் வயிறு அடைத்தால் யாருடைய வீட்டுக் கதவையும் அது வந்து தட்டுவதில்லை. மகளின் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவள் இதுவரை செய்திருப்பது மிருகத்தோடு பழகுவதில் மிகவும் இன்பமான ஒரு பகுதியை மட்டும்தான். அதைக் கொண்டு எதையும் முடிவெடுக்க முடியாது.

அடுத்தது, ஐந்து கிழமையில் குட்டியை எடுக்கவே வேண்டாம். எட்டுக் கிழமை வரைக்கும் தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும். எவ்வளவு கடித்தால் மற்றதுக்கு நோகும் என்பதைக் குட்டி அங்கேதான் படிக்கிறது. அதைப் படிக்காமல் வந்தால் உங்கள் மகளின் கையில்தான் படிக்கும். பால் பல் ஊசி போல இருக்கும்.

அப்படிக் கடித்தாலோ பிராண்டினாலோ, குட்டிதானே என்று யாரும் சும்மா விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். விசர்நோய் (ரேபிஸ்) வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை, வராமல் தடுக்க வழி இருக்கிறது. நாய்க்கு விசர் ஊசி வருடாவருடம் போட வேண்டும், சுகாதாரத் திணைக்களத்தார் இலவசமாகவே போடுகிறார்கள். அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதியவும் வேண்டும். அந்தச் சட்டம் 1901 இலிருந்து இருக்கிறது, எங்கள் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இலவசம் அந்த ஒன்றோடு சரி. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான ஊசிகளை ஆறு எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒன்றாகப் பதினாறு கிழமை வரைக்கும் போட வேண்டும். பார்வோ வந்தால் சத்தியும் இரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும். நீங்கள் இருப்பது வாடகை வீடு என்பதால் சொல்கிறேன், உங்களுக்கு முன் இருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா, அதில் ஏதாவது குட்டி இப்படிச் செத்ததா என்று வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். பூச்சி மருந்து தனி. உண்ணி தனி. நம் சூட்டுக்கு உண்ணி பெருகும், உண்ணிக்காய்ச்சல் வந்தால் சாப்பாட்டை விட்டுவிடும், பல் முரசு வெளிறிப் போகும். அந்த நேரத்தில் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் போகக் கையில் காசு இருக்க வேண்டும், கூட்டிப்போக ஆளும் இருக்க வேண்டும். காய்ச்சல் என்று வீட்டில் கிடக்கும் பனடோலை (பரசிட்டமோல்) கொடுத்துவிடாதீர்கள், அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். நாய்க்கு அது ஆபத்து. பூனைக்கு அரை மாத்திரையே உயிரை எடுக்கக்கூடிய நஞ்சு.

பெண்குட்டிகள் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அப்படித்தான், ஆண்குட்டி முதலில் போய்விடும். பெண்ணை எடுப்பதில் பிழையில்லை, ஆனால் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் சேர்த்துத்தான் சம்மதிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் முதல் பருவம் வரும். மூன்று கிழமைக்கு ஊர்க் கடுவன் நாய்கள் எல்லாம் உங்கள் கேற்றடியில்தான். அதில் சினைப்பட்டால் அறுபத்து மூன்று நாளில் ஆறு குட்டியோடு நீங்களும் ஒரு ரீச்சரைத் தேடுவீர்கள்.

காவல் என்கிறார் கணவர். காவலுக்கு என்று நம்மவர்கள் செய்வது, பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவிட்டு இரவில் கேற்றைத் திறந்துவிடுவது. கட்டிக் கிடக்கும் நாய் கண்டதற்கெல்லாம் குரைக்கும், யாரைப் பார்த்துக் குரைக்க வேண்டும் என்று தெரியாமலே போய்விடும். கச்சான் அடிக்கிற மாதங்களில் அந்த மயிரோடு வெளியில் கட்டினால் அது வெறும் வதை. மாரியில் வளவில் தண்ணீர் நிற்கும்போது எங்கே படுக்கும்? வீட்டுக்குள் விடலாமா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அம்மாதான்.

இரவில் திறந்துவிடும் வழக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காக முற்றாக விட வேண்டும். நாயின் எச்சில் உடுப்பில் பட்டால் அதைக் கழுவித்தான் அவர்கள் தொழ வேண்டும். விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்புகிற மனிதரின் சாரத்தில் உங்கள் நாய் பாசத்தோடு மூக்கைத் தேய்த்தால், அவர் சிரித்துக்கொண்டே போவார், ஆனால் திரும்பி வீட்டுக்குள் போய் மாற்ற வேண்டியிருக்கும். குட்டி வருமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலியில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பது உங்கள் செலவு.

இடமாற்றம்தான் எனக்குப் பெரிய தடையாகத் தெரிகிறது. 1990இலும் 2006இலும் சண்டை நேரத்தில் நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடிய சனம் இந்த மாவட்டத்தில் நிறைய. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்களை யார் குறை சொல்வது. இடமாற்றம் அப்படியான விஷயமில்லை. கடிதம் வரும், திகதி இருக்கும், லொறி பிடித்துச் சாமான் ஏற்றுவோம். அந்த லொறியில் நாய்க்கு இடம் இல்லாமல் போவது நாமாகச் செய்வது. புது ஊரில் வீடு தேடும்போது நாய் என்றதும் பாதி வீட்டுக்காரர்கள் மாட்டேன் என்பார்கள். இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடமாவது கேட்டீர்களா?

ஆக, என் அபிப்பிராயம்: இந்தக் குட்டி வேண்டாம். இடமாற்றம் எங்கே என்று தெரிந்த பிறகு யோசியுங்கள்.

அதற்கிடையில் மகளைச் சும்மா ஏமாற்றவும் வேண்டாம். உங்கள் ரீச்சர் குடும்பம் ஓகஸ்ட் விடுமுறையில் நல்லூருக்கோ வேறு எங்கேயோ போவார்கள்தானே. அந்த நாட்களில் அவர்களுடைய தாய் நாயை உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள். வெயிலேற முன் நடத்திக்கொண்டு போவது மகள், மலம் அள்ளுவது மகள், சட்டி கழுவுவது மகள். நாலாம் நாளும் எழுப்பாமல் எழும்புகிறாளா என்று பாருங்கள். ஐந்தாம் நாள் அம்மா அந்தச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தால் அதையும் பாருங்கள். வளர்ந்த நாய் என்பதால் குட்டி வேலையில் பாதிகூட இல்லை, அதையும் கணக்கில் எடுங்கள்.

அம்மாவிடம் கேட்கும்போது, “நாய் வளர்ப்போமா?” என்று கேட்காதீர்கள். பிள்ளைக்காக ஓம் என்றுவிடுவார். பகலில் இன்ன இன்ன வேலை, நீங்கள்தான் செய்ய வேண்டிவரும், முடியுமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். ஏலாது என்றால் அது ஏலாதுதான், திருப்பித் திருப்பிக் கேட்டு மனதைக் கரைக்க வேண்டாம். ஓம் என்றால் அவர் போடும் நிபந்தனைகள்தான் வீட்டுச் சட்டம், கணவருக்கும் சேர்த்து.

ரீச்சருக்கு இந்தக் கிழமையே பதிலைச் சொல்லிவிடுங்கள், அவர் வேறு வீடு பார்க்க வேண்டும். எட்டுக் கிழமைக்கு முன் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்றும், தாய்க்கு இனியாவது கருத்தடை செய்யச் சொல்லியும் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பதிலை அப்படியே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.